பாஸ்டர் காலில் ஆணி

போத்தனூர் மேல்நீரூற்று எழுப்புதல் சபையின் பாஸ்டர் அமிர்தநாதன், 2022 ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறு, இரண்டாவது ஆராதனையின் நடுவே தரையை விட்டுக் கிளம்பி நாலரை அடி உயரத்தில் நின்றார். அதற்குப் பிறகு இறங்கவில்லை. வீட்டுக்கும் சபைக்கும் இடையிலிருந்த ஒன்றரைத் தெரு தூரம், அவர் இடுப்பில் கயிறுபோல் கட்டிய வேட்டியைப் பிடித்து இரண்டு மூப்பர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். கேபிள் வயர் குறுக்கே வந்தால் அவர் குனிந்துகொள்வார். முதல் வாரம் சோமனூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். மூன்றாம் வாரம் எதிர்க்கடைக்காரர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

சபையின் பூர்வீகம் ஒன்றும் அத்தனை உயரமானதல்ல. ஆரோன் என்ற ரயில்வே கிளார்க், தான் போய்க்கொண்டிருந்த பெரிய சபையில் கீபோர்டை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை போட்டு, 1996இல் பதினோரு குடும்பங்களோடு வெளியேறித் தகரக் கொட்டகையில் தொடங்கியது அது. நகை கூடாது, பூ கூடாது, மருந்து கூடாது என்பவை மூன்று கொள்கைகள். ஆரோன் சாதாரண டைபாய்டில் செத்துப்போனார். மகிமைக்குள் பிரவேசித்தார் என்று சபை போஸ்டர் ஒட்டியது. மருமகன் அமிர்தநாதன் பொறுப்பேற்றதும் கொட்டகை ஏசி ஹாலானது. பாஸ்டரம்மாவின் கழுத்து வழியாக நகை உள்ளே வந்தது, மேடை அலங்காரமாகப் பூவும் வந்தது. மருந்து மட்டும் வெளியிலேயே நின்றது.

ஜெபத்தில் இருப்பதைப் பாதத்தில் காத்திருப்பது என்றுதான் சபையில் சொல்வார்கள். இத்தனை வருடமும் அது ஆண்டவரின் பாதம். பாஸ்டர் மிதக்கத் தொடங்கியதும் முகத்துக்கு நேரே ஒரு ஜோடி பாதங்கள் தொங்கின, சனங்களுக்கு அதுவே சௌகரியமாகப் போயிற்று. வரிசை கட்டி நின்று அவற்றின் கீழே காத்திருந்தார்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற யாகூப் என்ற பெரியவர் வரிசையில் முதலாவதாக நின்று, இடது உள்ளங்காலை உற்றுப் பார்த்து, "பாஸ்டருக்குக் கால்ல ஆணிங்க" என்றார். இறுக்கமான ஷூ போடுகிறவர்களுக்கு வரும் கால் ஆணியைத்தான் அவர் சொன்னார். பாஸ்டர் அதை பிளேடால் சீவிச் சீவிப் புண்ணாக்கி வைத்திருந்தார். ஆனால் பின்னால் நின்றவர்கள் காதில் அது சிலுவையில் அடித்த ஆணியாக விழுந்தது. வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் அது ஆணி பாய்ந்த தழும்பாகிவிட்டது. பாஸ்டர் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் புண்ணில் கசிந்த சீழைக் கர்ச்சீப்பில் ஒற்றி நெற்றியில் வைத்துக்கொண்டார்கள், சிலர் நாக்கிலும் வைத்தார்கள்.

ஆணிப் பாதத்தின் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடை வந்தது. விசுவாசிகள் தங்கள் மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுச் சுகத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று பாஸ்டர் அறிவித்தார். யாகூப் பெரியவரும், தான் சொன்னதையே மறந்து, தன் பிரஷர் மாத்திரைகளைப் போட்டார். ஒன்பதாம் நாள் பால் வாங்கப் போன இடத்தில் விழுந்து இறந்தார். அவருக்குள் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்றார்கள் மூப்பர்கள். அவர் பெண்சாதியின் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னார்கள்.

அதே சபையில் விமலாராணி என்ற விதவை இருந்தாள். உக்கடத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புண்களுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. மகள் டீனாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதிலிருந்து சர்க்கரை, தினமும் நாலு வேளை இன்சுலின். அது நின்றால் பிள்ளை தாங்காது என்று விமலாராணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் கூடைப் பக்கமே போகவில்லை. கடைசியில் கேட்டது டீனாதான். "எல்லாரும் என்னையவே பாக்கறாங்கம்மா. ஒரே ஒரு தடவ நம்பிப் பாருங்களேன்" என்றாள். தொப்புளைச் சுற்றி ஊசி குத்திக் கன்றிப்போன வயிற்றைத் தினமும் பார்க்கிறவளுக்கு அதற்கு மேல் மறுக்க மனம் வரவில்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, காலை ஊசியைப் போடாமல், இன்சுலினை ஐஸ் பிளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு இருவரும் சபைக்குப் போனார்கள். வரிசையில் நிற்கும்போதே டீனா இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து, இன்னும் தாகமாக இருக்கிறது என்றாள்.

விமலாராணி கூடையின் மேல் குனிந்தபோது பாதம் அவள் மூக்குக்கு நேரே இருந்தது. அந்த நாற்றத்தை அவள் ஆஸ்பத்திரியில் தினமும் எட்டு மணி நேரம் முகர்கிறவள். ஓரம் கறுத்து, உள்ளே குழி விழுந்திருந்தது. நிமிர்ந்து மெதுவாகத்தான் சொன்னாள்: "ஏனுங்க பாஸ்டர், இது சக்கரப் புண்ணுங்க. இப்படியே உட்டா காலே போயிருமுங்க."

பாஸ்டர் இடுப்பை வளைத்து அவள் காதருகே குனிந்தார். "மெல்லப் பேசுங்க சிஸ்டர். எனக்குத் தெரியுமுங்க. காலைலயும் ராத்திரியும் இன்சுலின் போட்டுட்டுத்தான் இருக்கறேன்."

கன்னத்தில் ஒட்டியிருந்த மைக்கை அவர் மறந்துவிட்டார். எட்டு ஸ்பீக்கரிலும் அது தெளிவாகக் கேட்டது. ஹாலில் நானூறு பேர் இருந்தார்கள். ஸ்பீக்கரில் எது வந்தாலும் ஆமென் சொல்வது அங்கே பழக்கம். நானூறு பேரும் கையை உயர்த்தி ஆமென் என்றார்கள். பாஸ்டரம்மா மட்டும் சொல்லவில்லை, அவள் கழுத்தில் கிடந்த நகையைச் சேலைக்குள் தள்ளினாள்.

விமலாராணி அந்தக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பு விடுகிற இடத்தில் உட்கார வைத்து, "கண்ணு, துணியத் தூக்கு" என்றாள். டீனா தூக்கினாள். உள்ளே கேட்டதை அவளும் கேட்டிருந்தாள். ஊசி இறங்கும்போது அழாத பிள்ளை, இறங்கிய பிறகு வெகுநேரம் அழுதது.

அக்டோபரில் பாஸ்டரை விமலாராணி வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே வேட்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்கு மேலே மிதந்தவருக்கு ஏணியில் ஏறிக் கட்டு மாற்றியவள் விமலாராணி. அது அவள் வேலை. இன்சுலின் போடப் போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வலிக்காமப் போடுங்க சிஸ்டர்" என்றார். "வலிக்குமுங்க. எம் புள்ளைக்கும் வலிக்குமுங்க" என்று சொல்லிப் போட்டாள்.

கால் போன எடைக்குப் பாஸ்டர் இன்னும் அரையடி உயர்ந்துவிட்டார். அவர் தலை தட்டாமலிருக்கச் சபையில் நடு மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கும் பாதம் எட்டாததால் இப்போது கீழே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். மாத்திரையோடு அதில் ஏறுகிற வயதானவர்கள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள, வாரத்துக்கு இரண்டு மூப்பர்கள் முறை வைத்து நிற்கிறார்கள்.