பிறந்ததிலிருந்தே என்று சொன்னேன்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்று தெரியாமல் நான் சொன்ன பொய். ஒரு கண் மருத்துவமனையின் முன்னறையில் வைத்துச் சொன்னேன். என் தங்கையின் உயிர் அதில் போயிருக்கும். மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் நேராக எழுத வரவில்லை. நடை கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"அவளுடைய இடது இமை, வாடிய இலையைப் போல—"

[இல்லை. இந்த வினையே இப்படிப்பட்ட ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.]

"அவள் உலகத்தைப் பாதிதான்—"

[சீ.]

"செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி."

[இது நிஜம். இதையே வைத்துக்கொள்வோம்.]

3

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. நானும் தங்கையும் முன்னறை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜன்னல் கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். அளவுகோலை வைத்து, வைரமுனையால் ஒரே இழுப்பு, ஒரே தட்டு, கண்ணாடி இரண்டாகும். பதினாறு வருடத்தில் ஒரு பிசகு கிடையாது. நான்கு நாளுக்கு முன்புதான் முதல்முறையாகத் தப்பாக வெட்டினாள்.

"கோடு ரெண்டாத் தெரிஞ்சுதுக்கா. எது நிஜக் கோடுன்னே புரியல" என்று அன்று போனில் சொன்னாள்.

மறுநாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி. அதற்கு மறுநாள் இடது இமை இறங்கிக் கண்ணை மூடிவிட்டது. "இப்ப ஒரே கோடுதான் தெரியுது. நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துமா அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் தினம் கேட்கிறேன்.

கண் பரிசோதகர் அவளிடம்தான் கேட்டார். "இமை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

பதில் சொன்னது நான். "பொறந்ததிலேருந்தே அந்தக் கண்ணு இப்படித்தான் சார். தூக்கம் கெட்டதுல இப்பக் கொஞ்சம் அதிகமாயிருக்கு."*

தங்கை நெற்றியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவர் எழுதிக்கொண்டார். பிறவிக் குறை, அவசரமில்லை, இமையைத் தூக்கும் தசையைச் சுருக்கித் தைக்க மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கலாம்.

* பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு தங்கை வருவாள், இடது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். படித்தவர்கள் ஆகா என்றார்கள். நிஜத் தங்கைக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. கண்ட நேரத்தில் தூங்குவாள், அதனால் வீட்டில் அவளுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர், அவ்வளவுதான். ஒரு இமையை இறக்கியது நான். அழகாக இருக்கட்டுமே என்று. அந்தப் பக்கத்தைக் கூட்டங்களில் வாசித்து வாசித்து, இறக்கியது நான்தான் என்பதே மறந்துபோனது.

4

[இங்கே பரிசோதகரை வருணிக்க வேண்டும். முதல் பிரதியில் அவருக்கு நரைத்த மீசை வைத்தேன். மீசை இருந்ததா என்று சத்தியமாகத் தெரியாது. எடுத்துவிட்டேன். எனக்கு நினைவிருப்பது அவருடைய கட்டைவிரல் மட்டும்.]

பதிவுக்கு அடையாள அட்டை கேட்டார். தங்கை பட்டறை அட்டையை நீட்டினாள். வாங்கிப் பார்த்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இந்தப் போட்டோ எப்ப எடுத்தது?"

"போன வருஷம்" என்றாள் தங்கை.

"இதுல ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கே?"

அவர் எழுந்து வந்து, கட்டைவிரலால் அவள் இமையைத் தூக்கினார். உள்ளே கண் என்னைப் பார்க்கவில்லை. வெளிப்பக்கமாக ஒதுங்கிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கருமணி வலது கண்ணில் இருந்ததைவிட இரண்டு பங்கு பெரிது. டார்ச் அடித்தார், அது சுருங்கவேயில்லை. "டாக்டர்!" என்று அவர் கத்திக்கொண்டு ஓடினார்.

பிறகு எல்லாம் ஓட்டம். சக்கர நாற்காலி, ஆம்புலன்ஸ், பெரிய மருத்துவமனை, தலைக்கு ஸ்கேன். மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாய் குமிழ் மாதிரி வீங்கி, கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. "எந்த நிமிஷமும் வெடிச்சிருக்கும்மா" என்றார் டாக்டர். "வயசானா இமை இறங்கும், தசை சோர்ந்தா இறங்கும், பிறவியிலயும் இறங்கியிருக்கும். அதுக்கெல்லாம் அவசரமில்லை. திடீர்னு இறங்கினாத்தான் ஓடணும். அதனாலதான் எப்பலேருந்துன்னு முதல்ல கேக்கறோம்."

அந்தக் கேள்விக்குத்தான் நான் கதை சொல்லியிருந்தேன்.

அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏன்டி வாயைத் திறக்கல?" என்று கேட்டேன்.

"நீ புஸ்தகத்துலயே எழுதியிருந்தியேக்கா" என்றாள். "எனக்கே சந்தேகமாப் போச்சு."

கதவு சாத்திக்கொண்டது.

5

பிழைத்துவிட்டாள். வீக்கத்தை அடைத்துவிட்டார்கள். இமை மட்டும் இறங்கியேதான் இருக்கிறது. நரம்பு தேறினால் தானாக ஏறலாம், ஏறாமலும் போகலாம், கண் நேராகாமல் இமை மட்டும் ஏறினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். பட்டறை முதலாளி அவள் மேசையை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: இமை முழுவதும் திறக்கிறது, அவள் பட்டறைக்குப் போய், ஒரே இழுப்பில்— [கைதட்டலுக்காக எழுதியது.]

முடிவு இரண்டு: இமை திறக்கவேயில்லை, ஆனாலும் அவள்— [அந்த 'ஆனாலும்' என் வாய்க்கொழுப்பு.]

6

ஞாயிறுதோறும் ஒரே ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தேதி போட்டுப் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று பதின்மூன்றாவது ஞாயிறு. இப்போதுதான் எடுத்தேன்.

"கொஞ்சம் தெறந்திருக்காக்கா?"

திறந்திருப்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அவளுக்கு இல்லாத குறையையே கண்ணால் கண்டவள் நான்.

தங்கைக்கு என்னைத் தெரியும். தன் பையிலிருந்து பட்டறை அளவுகோலை எடுத்து, இடது கண்ணை ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "பாத்துச் சொல்லாத. இதையும் வெச்சு எடு, கோட்டை எண்ணிச் சொல்லு."

எடுத்துவிட்டேன். போன வாரம் டாக்டர் அளந்தபோது இமை இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். இன்றைய கோடுகளை எண்ணத் தொடங்கினால் என் கண் கலங்கிவிடுகிறது. நாலு முறை எண்ணி, நாலு விதமாக வருகிறது.

இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள். நீங்கள் அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. நீங்கள் எண்ணுங்கள். எண்ணை இங்கே எழுதுங்கள்: ........ மி.மீ.

சீக்கிரம். அளவுகோலைப் பிடித்த கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

"எவ்வளவுக்கா?"