வில்சன் கொண்டுவந்த அரிசி

அருள்நாதனுக்கு வேலை போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும். போகவில்லை, அவராக விட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் அவர் பாதி ஆயுசுக்கு உலை முன்னால் நின்ற இரும்பு உருக்கும் கம்பெனி, விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டத்தை நீட்டியது. விருப்பம் கம்பெனிக்கு, ஓய்வு தொழிலாளிக்கு. ஐம்பத்தொரு வயதில் பெரிய தொகைக்கு ஒரு செக்கும் கழுத்தில் ஒரு சந்தன மாலையும் வாங்கிக்கொண்டு ராயபுரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அவரோடு அதே உலையில் நின்ற சிநேகிதர் வில்சனும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

ஐம்பத்தொன்று ஒரு கெட்ட வயது. வேறு கம்பெனியில் வேலை கேட்டால் வயசாகிவிட்டது என்கிறார்கள். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தைக் கேட்டால் இன்னும் வயசாகவில்லை என்கிறார்கள். நடுவில் கிடக்கிற வருஷங்களுக்கெல்லாம் கையில் இருக்கும் பணம்தான் சோறு போட்டாக வேண்டும். அவர் மனைவி ரோசி இதை அவருக்கு முன்னாலேயே யோசித்துவிட்டாள். பெரும்பகுதியைத் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் இரண்டு பேர் பெயரிலும் போட வைத்தாள். மிச்சத்தை வங்கியில் டெபாசிட் பண்ண வைத்தாள்.

“மாசா மாசம் வர்ற வட்டிதான்யா இனிமே சம்பளம். அசல்ல கை வெக்கணும்னா என்னக் காசிமேட்டுல பொதச்சிட்டு வந்து வெய்யி,” என்றாள்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த நிதி கம்பெனியில் கொஞ்சம் போட மட்டும் அனுமதி கொடுத்தாள். வங்கியைவிட மூன்று பங்கு வட்டி தருகிறார்களே என்று அருள்நாதன் நச்சரித்தார். போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய அளவுக்கு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். மீதி எல்லாம் பத்திரமாக இருந்தது.

பணம் பத்திரமாக இருந்தது, மனுஷன்தான் பத்திரமாக இல்லை. காலையில் ஷிப்டுக்கு ஓடிப் பழகிய கால் எங்கே போவது என்று தெரியாமல் கல்மண்டபம் டீக்கடைக்குப் போனது. அங்கே தினமும் ஒருத்தன் கேட்டான், “இன்னாண்ணா, வூட்ல சொம்மாதான் கீறியா?” அந்தச் ‘சொம்மா’ அவரைக் குத்தியது. ஒருநாள் பதில் ஒன்று வாயில் வந்து விழுந்தது. “நான் சொம்மா கீறேன் நைனா. என் துட்டு வேலை செய்து.” கடையே சிரித்தது. அன்றிலிருந்து அருள்நாதன் பண விஷயம் தெரிந்த ஆள் ஆகிவிட்டார். ஓய்வு வாங்கிய கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, எதில் போடலாம் என்று கேட்டார்கள். மனுஷன் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு பணவீக்கம் பற்றியெல்லாம் பேசினார். தபால் ஆபீஸ் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. கிழவிகள் வரிசையில் நிற்கிற இடத்தில் போட்டிருக்கிறேன் என்று எந்த நிபுணர் சொல்லுவார்?

வில்சன் கேட்டபோதும் அது வாயில் வரவில்லை. அவருடைய பணம் மாதக்கணக்கில் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் தூக்கம் கெட்டு, ஒரு சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அருளு, நெசமா சொல்லு. நீ எங்க போட்டுக்கீறே?”

“அந்த நிதி கம்பெனிலதான் மச்சான். மொத்தமும் அங்கதான். ஒண்ணாந்தேதி டாண்ணு வட்டி வந்துகினு கீது.”

“எனக்குப் பயமா கீதுபா.”

“இன்னாத்துக்குப் பயம்? பயந்துகினு இருந்தா தபால் ஆபீஸ்ல போட்டுட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

வில்சன் மொத்தப் பணத்தையும் எடுத்துவந்து போட்டார். ஆளைச் சேர்த்துவிட்டதற்கு நிதி கம்பெனிக்காரன் அருள்நாதன் கையில் கமிஷன் வைத்தான். அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ந்திருந்த வட்டி என்று ரோசியிடம் சொல்லி ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப் போட்டார்.

போன மழைக்காலத்தில் அந்த மாடி பூட்டப்பட்டது. போர்டுகூட இல்லை, ஆணி அடித்த ஓட்டைகள்தான் இருந்தன. வில்சன் நேரே அருள்நாதனைத் தேடி ஓடிவந்து, தெருவென்றும் பார்க்காமல் கட்டிக்கொண்டு அழுதார். “ரெண்டு பேரையும் மோசம் பண்ட்டான்டா. ஒன்னுதும் போச்சேடா.” இல்லை மச்சான், என்னுது போகலை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அருள்நாதன் வில்சனின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

அதற்கப்புறம் எல்லாம் இழந்தவனாக நடிக்க வேண்டியதாயிற்று. பூசைக்குக் காலர் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வஞ்சிரம் வாங்கினால் அதன்மேல் கீரைக்கட்டை வைத்து மறைத்துக் கொண்டுவந்தார். அதை வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தினார். ரோசிக்கு ஒன்றும் புரியவில்லை. கோயிலில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போனது போவட்டும் ரோசி” என்றார்கள். அந்தச் சின்னத் தொகையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, “ஆமாக்கா, போனா போவுது, மயிராச்சு” என்றாள் அவள். இன்னா விசுவாசம் பாரு என்று அவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

வில்சனுக்கு நடிக்க வேண்டிய அவசியம் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் இரவுக் காவலுக்குப் போனார். அவர் மனைவி ஆன்சி இறால் உரிக்கப் போனாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. அந்தத் தெருக் கத்தோலிக்க வீடுகளுக்கு அன்பியம் என்று பெயர் வைத்த ஒரு ஜெபக்கூட்டம் உண்டு. தவக்காலம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள். பிடி அரிசி என்பார்கள். கடைசி வாரத்தில் எல்லா வீட்டு அரிசியையும் ஒரே பையில் கொட்டி, கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாருக்கு என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். வாங்குகிற வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ரோசியும் தினமும் ஒரு பிடி போட்டுத்தான் வந்தாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் அன்பியத்து ஆட்கள் கொஞ்சம் பேர், நடுவில் வில்சன். காவல்கார யூனிபார்மில், தோளில் அரிசிப் பையுடன் நின்றார். பையை மாதா படத்துக்குக் கீழே இறக்கி வைத்தார். மேலாக இருந்த அரிசியில் புழுங்கலும் பச்சையும் ரேஷன் அரிசியும் கலந்து கிடந்தன.

“எல்லாரும் எங்க வூட்டுக்குத்தான் குடுக்கணும்னாங்க,” என்றார் வில்சன். “நான்தான் வேணாம்னேன். எனக்கு வாட்ச்மேன் வேலயாவது கீது. மொத்தத்தையும் வுட்டுட்டு, ஒரு வேலயும் இல்லாம, வாயத் தொறந்து யார்கிட்டயும் கேக்காம கீறான் அருளு. ரோசி, தப்பா நெனச்சிக்காத.”

ரோசி வில்சனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அருள்நாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் முழங்காலில் நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள். எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும் என்ற இடம் வந்தபோது அவருடைய நாக்கு எழவில்லை. வில்சனின் குரல்தான் பக்கத்தில் கணீரென்று கேட்டது.

அவர்கள் போனதும் ரோசி கதவைச் சாத்தினாள்.

“மொத்தத்தையும் வுட்டுட்டியா? எப்போ?”

அவர் சொன்னார். டீக்கடையில் சொன்ன பொய்யையும் சொன்னார், வில்சன் கட்டிக்கொண்டு அழுததையும் சொன்னார். கமிஷனை மட்டும் விழுங்கப் பார்த்தார். ரோசியை ஏமாற்ற முடியுமா?

“அந்த மெஷின் ஏது?”

கமிஷன் வாங்கியதையும் அவர் சொல்லிவிட்டார். அவள் எழுந்து போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே ஊறிக்கொண்டிருந்த துணியை எடுத்து பக்கெட்டில் போட்டுக்கொண்டு, கல்லில் அடித்துத் துவைத்தாள். அவள் திட்டியிருந்தால் அருள்நாதனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“டெபாசிட்ட ஒடச்சி அந்தக் கமிஷன் துட்ட ஆன்சி கையில குடுக்கற,” என்றாள் கடைசியாக. “அது அப்பால. மொதல்ல இந்த அரிசி இந்த வூட்ல இருக்கக் கூடாது. நீ தூக்கிகினு போறியா, நான் போவட்டுமா?”

மறுநாள் காலையில் அவர் பையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். வில்சன் வீடு அதே தெருவின் கோடியில்தான் இருந்தது. அவ்வளவு தூரமா அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். உலையில் இதைவிடப் பெரிய பாரமெல்லாம் தூக்கியவர்தான், ஆனாலும் இரண்டு தடவை தோள் மாற்றினார்.

வில்சன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, யூனிபார்ம் பேண்ட்டோடு படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

“ரோசி கோச்சிகிச்சா? மச்சான், இதுல இன்னா மானம் போவுது? நமக்குள்ள இன்னாடா?”

“என் துட்டு போவல வில்சா.”

“இன்னா?”

“தபால் ஆபீஸ்ல கீது. மொதல்லேர்ந்தே அங்கதான் கீது. அந்தக் கம்பெனில கொஞ்சூண்டுதான் போட்டேன். ஒங்கிட்டப் பொய் சொன்னேன். ஒன்ன சேத்துவுட்டதுக்குக் கமிஷன் வேற வாங்கினேன்.”

ஆன்சி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். இறால் உரித்து உரித்து அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. அருள்நாதன் அந்த விரல்களைப் பார்த்தார், பிறகு பார்க்க முடியவில்லை. வில்சன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு அறை விழும் என்று அருள்நாதன் காத்திருந்தார். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

“அவன் ஓடிப்பூடுவான்னு ஒனக்கு மின்னாடியே தெரியுமா?” வில்சன் குரல் உயரவே இல்லை.

“மாதா மேல சத்தியமாத் தெரியாது.”

“அப்பறம் ஏன் ஒன் துட்ட அங்க போடல?”

அருள்நாதன் பையைப் படியில் இறக்கினார். “பயம்.”

வில்சன் தலையை ஆட்டினார், அது நியாயம்தான் என்பது போல. “எனக்கும் பயமாத்தான்டா இருந்துச்சி. ஒங்கிட்டதான வந்து சொன்னேன்.”

கமிஷனைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அருள்நாதன் முனகினார். வில்சன் அது காதில் விழாதவர் மாதிரி தெருவைப் பார்த்தார். ஆன்சிதான் பதில் சொன்னாள். “குடுங்கண்ணா. வேணாம்னு சொல்ற நெலமையில நாங்க இல்ல.”

அவள் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துவந்தாள். தவக்காலம் முழுக்க அவள் பிடி அரிசி போட்டு வைத்த தூக்கு அது. பையின் வாயைப் பிரித்து, அதில் அரிசியை அள்ளிப் போட்டாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நிறுத்தி, விளிம்பில் ஒட்டிய நாலு அரிசியையும் பைக்குள்ளேயே தட்டிவிட்டாள்.

“எங்க வூட்டுது இவ்ளோதாண்ணா. மிச்சம் எங்களுது இல்ல.”

அருள்நாதன் பையை அங்கேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். ஏழைகளுக்கு நீயே கொடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். வில்சன் கையை நீட்டித் தடுத்தார்.

“எட்த்துகினு போ. அரிசி போட்ட வூட்லல்லாம் திருப்பிக் குடு. ஏன் குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடு.” பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். டீ பாதி கிளாஸ் படியிலேயே இருந்தது.

பக்கத்து வீடு பிலோமினாக்காவுடையது. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற, தனியாகப் பொங்கித் தின்கிற கிழவி. அவளும் ஒரு பிடி போட்டிருப்பாள். ரேஷன் அரிசியாகத்தான் இருக்கும். அருள்நாதன் வாசலில் நின்று கூப்பிட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை, இன்னொரு முறை கூப்பிட்டார்.

கிழவி கண்ணை இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தோளில் பையைப் பார்த்தாள், அதன் வாய் பிரிந்திருப்பதைப் பார்த்தாள். முகமெல்லாம் இரக்கம் வந்துவிட்டது.

“இன்னா தம்பி, பத்தலியா? கூச்சப்படாத. இரு, வூட்ல இன்னும் கொஞ்சம் கீது.”

“அக்கா, அது இல்ல…” என்றார் அருள்நாதன். அவள் திரும்பி உள்ளே நடந்துவிட்டாள். காது கொஞ்சம் மந்தம். உள்ளே அரிசி டின்னின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.