ரெஹானா மேல் விழுந்த எலக்ட்ரான்கள்

2003 அக்டோபர் கடைசியில், நோன்பு தொடங்கிய வாரத்தில், பூமியைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சு வளையத்திலிருந்து உதிர்ந்த எலக்ட்ரான்கள் உத்தமபாளையத்தில் ரெஹானாவின் மேல் மட்டும் விழுந்தன. அந்த வாரம் தேனி சந்தையில் தக்காளி விலை இறங்கியிருந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் மேல், சலித்த மாவைவிட மெல்லிய நீலத் தூள் இறங்கியது. பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட்ட இருளம்மாள் மேல் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. ரெஹானா முந்தானையை உதறிவிட்டுக் கீழே வந்து, பசித்து அழுத தன் கைக்குழந்தையைத் தூக்கினாள். படீரென்று பொறி பறந்தது. குழந்தை வீறிட்டது.

அதன்பிறகு அவளைத் தொட்டவர்கள் எல்லாரும் தூக்கியெறியப்பட்டார்கள். மாமியார் நசீமா புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தார்; குழந்தை துப்பியது. ரெஹானாவுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையும் இந்தப் பக்கம் தாயும் அழுதார்கள். அவள் கண்ணீர் பட்ட இடத்தில் தரை லேசாக மின்னியது.

கணவன் அல்தாப் ஊருக்குக் கேபிள் டிவி கொடுப்பவன். அவனுடைய கூட்டாளி எட்வின், ராயப்பன்பட்டியில் அறிவியல் வாத்தியார், வந்து விளக்கினான். சூரியனில் புயல் அடித்தால் வளையத்து எலக்ட்ரான்களில் கொஞ்சம் வெளியே ஓடிவிடும், கொஞ்சம் உயரத்துக் காற்றில் விழுந்து கரைந்துவிடும், தரைவரைக்கும் வராது என்றான். பிறகு ரெஹானா நீட்டிய டீ டம்ளரை வாங்கிச் சுவரில் போய் மோதினான். எழுந்து உட்கார்ந்து, வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டான்.

அல்தாப் அவள் கொலுசில் செம்புக் கம்பி கட்டி, மறுமுனையை ஈரமண்ணில் புதைத்தான். ஒன்றும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் நசீமா வாசலுக்குக் கார் வரவழைத்துவிட்டார்.

"ஏலே அல்தாப், இவளக் கம்பத்துல அவுக அம்மா வீட்டுல விட்டுட்டு வா. பிள்ளை இங்கன இருக்கட்டும்."

ரெஹானா நிலைப்படியைவிட்டு நகரவில்லை. "பிள்ளைய விட்டுட்டுப் போக மாட்டேன் மாமி. தெருவுல வேணா இருந்துக்கிறேன்."

அல்தாப் வந்து அவள் கையைப் பிடித்தான். விழுந்தான். எழுந்து மறுபடி பிடித்தான்.

"விடுங்க. செத்துப் போயிருவீக."

"கரண்டு அடிக்காத நாளு எனக்கு எது? பேசாம நில்லு."

தலைமுடி குத்திட்டு நிற்க, பல் கிட்டிக்க, அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவன் விடவில்லை. செம்புக் கம்பியில் இறங்காதது அவன் கைவழியே இறங்கியது. பிறகு நசீமாவே குழந்தையைக் கொண்டுவந்து மருமகள் மடியில் வைத்துவிட்டு, கார்க்காரனைப் போகச் சொன்னார். குழந்தை குடித்துக் குடித்து அப்படியே தூங்கிப்போனது. நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழம் அல்தாப்பின் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்ததால், ரெஹானாதான் ஊட்டிவிட்டாள்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் சூரியனில் புயல் வந்தபோதெல்லாம் தூள் இறங்கியது. அல்தாப் கேபிள் கட்டும் கம்பத்திலிருந்து இறங்கி வந்து கை பிடித்தான். பின்பு சூரியன் சில வருஷம் சும்மா கிடந்தது. அப்போதும் அவன் சாயங்காலங்களில் வந்து அவள் கையைப் பிடித்து உட்கார்ந்தான்.

2010 ஏப்ரலில் தூள் மறுபடி இறங்கியபோது, இருளம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ரெஹானாவுக்கு வந்துவிட்டது என்று தெருவுக்குச் சொன்னாள். அன்று சாயங்காலம் ஊரில் கேபிள் வரவில்லை. ஏன் என்று அல்தாப்புக்கு யாரும் போன் செய்யவில்லை.