மூச்சு விட்ட டப்பா

மூன்றாவது டப்பாவின் மூடியைத் திருகியதும் உள்ளிருந்து 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. ஊரே 'வாயாடி' என்று கூப்பிடும் அவள் கையை உதறினாள். டப்பா உருண்டு, அழகு நிலையத்தின் பாதி இறக்கிய ஷட்டர் அருகே போய் நின்றது. கையில் தங்கிய மூடியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் முளைத்திருந்தது.

"அம்மா, இது மூச்சு விடுதும்மா!"

"உளறாதடி. மத்த ரெண்டும் வெண்ணெய் மாதிரி இருக்கே."

அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. எல்லாமே ஒரே பாத்திரத்தில் அவள் கலக்கிய முகக் க்ரீம். இன்னொரு டப்பாவை வாங்கிப்போன டீச்சரம்மா, கண் வீங்கித் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரே போனில் வந்தார். "க்ரீம்ல என்னம்மா போட்டே?"

ஊருக்கே பதில் சொல்கிறவள் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள். "எண்ணெய், தண்ணி, கத்தாழைச் சாறு. எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க ஒரு மெழுகு. அந்த மெழுகுதானே டாக்டர் கண்ணைக் கெடுத்துச்சு? கெமிக்கலாச்சேன்னு அப்பவே பயந்தேன்."

"மெழுகு மேல பழி போடாதே. ஒரு கையால எண்ணெயையும் இன்னொரு கையால தண்ணியையும் புடிச்சுக்கிட்டு நிக்கறதுதான் அதோட வேலை. அளவோட போட்டா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. தண்ணி இருந்தா கிருமி வளருமே, அதைத் தடுக்க என்ன போட்டே?"

வாயாடி நிமிர்ந்தாள். எதிர்க் கண்ணாடிக்குள் அவளே எழுதிய பலகை தெரிந்தது: 'கெமிக்கல் துளியும் இல்லை'.

"ஒண்ணும் போடல."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு தப்புமான்னு இப்ப சொல்ல முடியாது. மிச்சத்தை யாரும் தொட வேணாம். இங்க எடுத்துட்டு வாங்க."

அம்மா வழவழப்பான இரண்டு டப்பாக்களையும் பார்த்தாள். "இதுல ஒண்ணும் தெரியலையேடி!"

"தெரியாதும்மா. மெழுகு எல்லாத்தையும் இழுத்துப் புடிச்சு அழகா வச்சிருக்கு. உள்ள என்ன வளருதுன்னு யாருக்குத் தெரியும்?" அவள் பலகையைப் பார்த்தாள். "கெமிக்கல்ங்கற பேரைக் கேட்டே பயந்தோம். எது எதுக்குப் போடறாங்கன்னு கேக்கவே இல்ல. அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு அடுத்தவங்க முகத்துல பூசக் கொடுக்கவே கூடாதும்மா."

அம்மா பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். மூன்று டப்பாக்களையும் மூடிப் பையில் போட்ட வாயாடி சட்டென நின்றாள்.

"அம்மா, நான் அஞ்சு நிரப்பினேன். இங்க மூணு, டீச்சரம்மாகிட்ட ஒண்ணு."

அம்மாவின் முகம் வெளுத்தது. "முடி வெட்டிக்க ஒருத்தி வந்தா. இடுப்புல கைக்குழந்தை. அதோட கன்னமெல்லாம் வறண்டு வெடிச்சிருந்துச்சு. பாவமா இருக்கேன்னு சும்மா கொடுத்தேன்டி."

"யாரும்மா அவங்க?"

"முன்னப்பின்ன பார்த்ததில்ல."

வாயாடி ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். வெயிலில் தெரு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். எங்கோ ஒரு குழந்தை அழுதது.

எந்தக் கதவுக்குப் பின்னால்?