இரைச்சல் நின்ற மதியம்

என் மனைவி கட்டிய ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்ய நான்கு பேர் வந்தார்கள். அது கெட்டுப்போயிருக்கவில்லை.

பேஸ் கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர் அது. ஓர் இரும்புப் பெட்டி, அதன் மேல் கண்ணாடி வால்வுகள். பக்கத்தில் இடுப்புயரத்தில் தனியாக ஸ்பீக்கர். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒயர். மற்ற பாகங்கள் எல்லாம் கடையில் வாங்கியவை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர் மட்டும் அவள் கையால் சுற்றியது. சாப்பாட்டு மேசையில் ஒரு டிரில்லை இறுக்கிவைத்து, தலைமுடி போன்ற செம்புக் கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றினாள். அடுக்குக்கு அடுக்கு நடுவில் தாள். மேலே வார்னிஷ். அது முடியும்வரை நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போட்டதும் அது 'ம்ம்ம்' என்று இரையும். "அடுத்த வாரம் பாத்துக்கறேன்" என்று பல வாரங்கள் சொன்னாள். பிறகு ஒரு நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். மாலையில் அவள் இல்லை.

அதன் பிறகு வேலை முடிந்து வந்ததும் அதைப் போட்டுவிட்டு உட்காருவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. இரைச்சல் மட்டும்தான். அடுத்த அறையில் யாரோ ஏதோ வேலையாக இருப்பது போலிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அணைத்துவிட்டு உலை வைப்பேன். அது அப்படியே இருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அவள் பேஸ் வாசித்த இசைக்குழு அவள் நினைவாகக் கச்சேரி வைக்க முடிவு செய்தது. அவள் ஆம்ப்ளிஃபயரிலேயே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் அவள் தம்பி. அவன்தான் போனில் கேட்டான்.

"அக்காவோட ஆம்ப் மேடையில இருந்தா அக்காவே இருக்கற மாதிரி மாமா. அந்த இரைச்சலை மட்டும் சரி பண்ணிட்டா போதும். நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடுவாங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போது யார் எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் என் வாயில் வந்தது. அப்படித்தான் ஒரு வாட்டர் பில்டருக்கும் ஓர் ஆன்மிக மாத இதழுக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எல்லோரும் ஓய்வு நேரத்தில் சொந்தமாகக் கருவி கட்டுபவர்கள். அதாவது, நன்றாக ஓடுகிற எதையும் திறந்து பார்க்காமல் விடாதவர்கள்.

முதலில் எர்த்து. இயற்பெயர் யாருக்கும் தெரியாது. உலகத்தில் எது கெட்டாலும் காரணம் எர்த் சரியில்லாததுதான் என்பார். தன் விவாகரத்துக்கும் கிட்டத்தட்ட அதையே சொல்லியிருக்கிறார். அடுத்தவர் கேபிள். வங்கியில் மேலாளர். நல்ல ஒயரில் வந்தால்தான் ஒலி ஒலி என்று நம்புகிறவர். மூன்றாவது ஒரு பல் டாக்டர், அவள் இடத்துக்கு வந்த புது பேஸ் வாசிப்பாளர். நான்காவது என் மைத்துனன்.

வந்ததும் பெட்டியைக் குப்புறப் போட்டு அடித்தகட்டைத் திறந்தார்கள். எர்த்து உள்ளே டார்ச் அடித்து உச்சுக்கொட்டினார்.

"யாருப்பா இப்படி சோல்டர் வச்சது? சாணி தட்டுன மாதிரி இருக்கு."

"அண்ணே, அக்கா" என்றான் மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓ." டார்ச்சை அணைத்தார். "உணர்ச்சியோட வச்சிருக்காங்க."

என்னைச் சோபாவில் உட்காரவைத்தார்கள். என் வீட்டில், என் சோபாவில். நான் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எரிந்துபோன பொருட்களை நேரில் போய்ப் பார்த்து, ஏன் எரிந்தது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அது அவர்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மனைவியை இழந்தவனுக்கு வேலை, படிப்பு எதுவும் கிடையாது. அவன் மனைவியை இழந்தவன், அவ்வளவுதான்.

எர்த்து எல்லாக் கறுப்பு ஒயர்களையும் பிடுங்கி ஒரே திருகாணியில் கட்டினார். டாக்டர் இரண்டு கண்டென்சர்களை மாற்றினார். பழையதைச் சொத்தைப் பல்லைக் காட்டுவது போல இடுக்கியில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். கேபிள் முழங்காலிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைக் கழற்றிக் கையில் எடை பார்த்தார்.

"இது டேபிள் லேம்ப் ஒயர் சார். இதுல பேஸ் எப்படி வரும்? என்கிட்ட ஒண்ணு இருக்கு, ஆக்சிஜனே இல்லாத செம்பு. வண்டியில வச்சிருக்கேன்."

ஆக்சிஜன் இல்லாததன் மகிமையை விளக்கினார். விளக்கி முடிக்கையில் அறையிலும் அது மிச்சமில்லை. பழைய ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவர் போனது மற்றவர்கள் கவனத்தில் இல்லை. பெட்டியை நிமிர்த்தினார்கள். எர்த்து சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. நால்வரில் மீதி மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இரைச்சல் இல்லை.

"இரைச்சல் போச்சு!" என்று கத்தினார் எர்த்து. "நான் அப்பவே சொல்லல? எர்த்து!"

"எர்த்தா? கண்டென்சர் சார். ரூட் கெனால் பண்ணியாச்சு."

"சுத்தமா இல்ல மாமா, கேளுங்களேன்" என்றான் மைத்துனன். கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. "பக்கா அமைதி."

ஸ்பீக்கர் ஒயர் இல்லாவிட்டால் குழாயடியில்கூட அந்த அமைதி கிடைக்கும்.

"ஒயரைக் கழட்டிட்டுப் போயிருக்கார்" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. டாக்டர் கிடாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர் ஒயர் இல்ல. ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா டிரான்ஸ்பார்மர் கருகிடும். அணைச்சிடுங்க."

எர்த்து என்னைப் பார்த்தார். இறந்த வீட்டுக்கென்று தனியாக வைத்திருக்கும் பார்வை. மைத்துனனிடம் குரலைத் தணித்தார். எனக்கு நன்றாகவே கேட்டது.

"அந்த இரைச்சல் போனதை அவரால தாங்க முடியல தம்பி. உள்ள கூட்டிட்டுப் போ."

"மாமா, கொஞ்சம் படுத்துக்கங்க. நாங்க பாத்துக்கறோம்." என் தோளில் கை வைத்துத் திருப்பினான். நான் எழுந்தேன். அணைப்பதற்காகத்தான் எழுந்தேன். அவன் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் ஒரு தந்தியைத் தட்டினார். சத்தம் வரவில்லை.

"வால்யூம் கம்மியா இருக்கு" என்றார் எர்த்து. ஏற்றினார். டாக்டர் பலமாகத் தட்டினார். வரவில்லை.

"இன்னும் ஏத்துங்க."

"ஏத்திட்டேன். நல்லா அடிங்க சார், பல்லு புடுங்கற மாதிரி!"

குமிழை முழுக்கத் திருகினார். டாக்டர் உடம்பை முறுக்கிக்கொண்டு அடித்தார். பெட்டிக்குள் 'டப்' என்று ஒன்று கேட்டது. பிறகு வார்னிஷ் கருகும் வாடை. என் தொழிலில் வாரத்துக்கு ஒரு முறையாவது முகர்கிற வாடை. நான் மைத்துனனைத் தள்ளிவிட்டுப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்த நேரம் பார்த்துக் கேபிள் உள்ளே வந்தார். பாம்பு பிடித்தவர் போல இரு கையிலும் புது ஒயரை ஏந்தியிருந்தார்.

"என்ன, போட்டுட்டீங்களா? ஒயர் வர வேணாமா?"

எவரும் எவரையும் பார்க்கவில்லை. எர்த்துதான் முதலில் சுதாரித்தார். கருகிய டிரான்ஸ்பார்மரை விரல் நுனியால் தட்டினார்.

"வீட்டுல கையால சுத்துனது. இத்தனை நாள் தாங்குனதே பெரிய விஷயம்."

இதை மற்ற மூவரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். எரித்தவர்கள் நால்வர், குற்றவாளி அங்கே இல்லாதவள். அறிக்கையாக எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"கச்சேரிக்கு ஒண்ணும் பாதிப்பில்ல" என்றார் டாக்டர். "வாடகைக்கு வேற ஆம்ப் எடுத்து மறைவா பின்னாடி வச்சுக்கலாம். இது முன்னாடி நிக்கட்டும். உள்ள ரெண்டு சிவப்பு பல்பு மாட்டிட்டா ஓடற மாதிரியே தெரியும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

பல்செட் கட்டியே பழகியவர். வாய்க்குள் எது நிஜம் என்பது அவருக்குப் பெரிய கேள்வி இல்லை.

"கூடாது" என்றேன்.

"சார், ஒரு மரியாதைக்கு…"

"கிளம்புங்க. செத்ததை வச்சு நடிக்கற வேலை எனக்கு வேணாம். எல்லாரும் கிளம்புங்க."

கிளம்பினார்கள். படியில் இறங்கும்போது எர்த்து சொன்னது மேலே வந்தது. "துக்கம் இப்பத்தான் வெளிய வருது. நல்லதுதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தனியாக வந்தான். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். டிரான்ஸ்பார்மரை இரும்புத் தகடுகளிலிருந்து பிரித்தெடுத்து, கம்பியை ஒரு காலி உருளையில் சுற்றியபடி பிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை சுற்று என்று தெரிந்தால்தான் மறுபடி அதே போலச் சுற்ற முடியும். எண்ணினால்தான் தெரியும்.

"மாமா, இன்னும் கோவமா?"

"எண்ணூத்தி நாலு."

"எல்லாருக்கும் ரொம்ப வருத்தம். கேபிள் அண்ணன் இந்த ஒயரை உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாரு."

"எண்ணூத்தி அஞ்சு."

"இதைத் திருப்பிச் சுத்தப் போறீங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

"எண்ணூத்தி ஆறு. தெரியாது. எண்ணூத்தி ஏழு."

எதிரில் உட்கார்ந்தான். ஒயரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் எண்ணட்டுமா? நீங்க சுத்துங்க."

"நீ டிரம்ஸ்காரன். உனக்கு நாலு வரைக்கும்தான் தெரியும். எண்ணூத்திப் பத்து."

சிரித்துவிட்டான். பிறகு உருளையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். கம்பி இழுபடாமல் வந்தது. நான் எண்ணிக்கொண்டே சுற்றினேன். மற்றவர்கள் வந்து ஆறுதல் சொன்ன நாட்களைவிட அது மேலாக இருந்தது.

ஆயிரம் தாண்டி ஓர் அடுக்கில் கம்பி கருகி அறுந்திருந்தது. டார்ச்சை எடுத்துப் பார்த்தேன். பழக்க தோஷம். அந்த அடுக்கின் ஓரத்தில் தாள் குறைவாக இருந்தது. மற்ற அடுக்குகளில் தாள் கம்பியைத் தாண்டி நீண்டிருந்தது. இங்கே மட்டும் கம்பியின் விளிம்போடு நின்றுவிட்டது. துண்டுத் தாள் மிஞ்சியிருக்கும். வீணாக்க மனமில்லாமல் வைத்திருப்பாள். மின்சாரம் அந்த இடைவெளி வழியாகத்தான் தாவியிருக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். ஆனாலும் தாள் குறைவுதான். எர்த்து சொன்னதில் ஒரு நூல் அளவு உண்மை இருந்தது. அதை ஒப்புக்கொள்வது கசப்பாக இருந்தது.

"அடியே" என்றேன், தாளிடம். "ஒரு நூல் கூடுதலா வெட்டியிருந்தா உனக்கு என்னடி குறைஞ்சிருக்கும்? எல்லாத்துலயும் கஞ்சத்தனம். எல்லாத்துலயும் அடுத்த வாரம்."

என் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. அவ்வளவு உரக்கப் பேசி வெகுநாளாகியிருந்தது.

மைத்துனன் உருளையை விடவில்லை. "யாரைத் திட்டறீங்க?"

"உங்க அக்காவை."

"திட்டுங்க, திட்டுங்க" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நான் ஆரம்பிச்சா பொழுது பத்தாது. என் சைக்கிளைச் சரி பண்றேன்னு பிரேக்கைக் கழட்டிட்டு மாட்ட மறந்தவ அவ."

"சொல்லவே இல்லையே என்கிட்ட."

"என்கிட்டயும் சொல்லல. இறக்கத்துல போறப்பதான் தெரிஞ்சுது."

வயிறு குலுங்கிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் பயந்துபோய் என் கையைப் பார்த்தான்.

"ஐயோ, எண்ணிக்கை போச்சா மாமா?"

"போகல. ஆயிரத்து நூத்திப் பதினெட்டு. ஆட்டாம பிடி."