ஆச்சுங்க

ஓசூர் பக்கத்தில் யாரை எங்கே பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்றுதான். கன்னடம் பேசுகிறவர்கள் ஊட்டா ஆச்சா என்பார்கள். எந்தப் பாஷையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: ஆச்சு. இல்லை என்று சொன்னால் கேட்டவன் சோறு போட வேண்டும். போட வழியில்லாவிட்டால் அவன் வெட்கப்பட வேண்டும். அந்த வெட்கத்தை அவனுக்குக் கொடுக்கலாமா? கூடாது. நல்ல மழை பெய்த வருஷங்களில் இந்த மரியாதைக்குச் செலவு எதுவும் இல்லை. ஐம்பத்திரண்டில்தான் அதற்கும் ஒரு விலை உண்டு என்று சின்னேரிப்பள்ளிக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் ஏரி வெடித்துக் கிடந்தது. விதைத்த ராகி முழ உயரத்திலேயே காய்ந்தது. மைசூர்ச் சீமையில் ராகி கிடைத்தது என்றாலும், ஒரு படியை முந்தானையில் முடிந்து வந்தால்கூட எல்லையிலுள்ள ஜூஜுவாடிச் சாவடியில் அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள். தானியம் எல்லை தாண்டக் கூடாது என்று சட்டமாம். சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றப் போகிறது என்று சித்திரையில் சொன்னார்கள். வைகாசியில் ஆட்கள் வந்து மாரியம்மன் கோவில் பக்கத்தில் அடுப்புக்குக் குழி வெட்டிவிட்டுப் போனார்கள். ஆனியில் அந்தக் குழியில் நாய் படுத்திருந்தது.

ஆனால் ஊரில் புகைக்கு மட்டும் குறைவில்லை. பானையில் போட ஒன்றும் இல்லாத வீட்டிலும் அடுப்பு மூட்டி வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டார்கள், கூரை மேல் புகை தெரிய வேண்டுமே! பக்கத்து வீட்டுக்காரி ஏமாந்துவிட்டாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வேறு எதிலாவது காட்டியிருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும்.

நாகம்மாவும் தண்ணீர் கொதிக்க வைத்தவள்தான். அவள் புருஷன் சென்னகிருஷ்ணன் மூட்டை தூக்கிப் பிழைக்கிறேன் என்று கோலார்ப் பக்கம் போனவன், போனவன்தான். வீட்டில் அவளும் மகள் ராஜாத்தியும். ராஜாத்திக்கு ஒன்பது வயது. புளியந்தழையை வேகவைத்து உப்புப் போட்டுக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

அத்திப்பள்ளியில் இருக்கும் தூரத்து உறவுக்காரி சரசம்மா அந்தச் சமயத்தில்தான் வந்து உட்கார்ந்தாள்.

"பெங்களூர்ல நல்ல வூடு நாகு. ரெண்டு வேள சோறு போடுவாங்க. பாத்திரம் கழுவணும், கொழந்தையத் தூக்கி வெச்சிக்கணும், அவ்ளோதான். இங்க வெச்சிகிட்டு பொண்ணக் கொல்லப் போறியா?"

"தொட்டி தொறந்துருவாங்கக்கா. தொறந்துட்டா ஒரு வேளைக் கஞ்சியாச்சும் ஊத்துவாங்க. எம் பொண்ணு எங்கிட்டயே இருக்கட்டும்."

"தொறக்கலன்னா?"

நாகம்மா புளியந்தழையை உருவ ஆரம்பித்தாள். அடுத்த சந்தை நாளுக்குத் திரும்பி வருகிறேன் என்று சரசம்மா எழுந்து போனாள்.

இடையில் ஒரு செய்தி வந்தது. இந்தச் சுற்று வட்டாரத்துக்கு ஒரு தொட்டிதான் திறக்க முடியுமாம். எந்த ஊரில் நிஜமாகவே பட்டினி என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறாராம். அன்று சாயங்காலம் நாராயணப்பன் ஊரைக் கூட்டினார். அவர் ஊருக்குத் தலைவரான கவுண்டர், சென்னகிருஷ்ணனுக்கு அண்ணன். நாகம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நின்றதில்லை, அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷனின் அண்ணனிடம் பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கம் இல்லை.

"வர்றவரு படிச்ச மனுசன்," என்றார் நாராயணப்பன். "நம்ம ஊரு பிச்சக்கார ஊருன்னு எண்ணிடக் கூடாது. பொழைக்கத் தெரிஞ்ச குடியானவங்க, இந்த வருசம் கொஞ்சம் கஷ்டம், அவ்ளோதான்னு தெரியணும். கேட்டதுக்கு மரியாதையாப் பதில் சொல்லுங்க. தொட்டி தானா வரும்."

மரியாதையாக இருந்தால் சர்க்கார் கொடுக்கும் என்று அந்த மனிதர் மனசார நம்பினார். களத்துக்கு வந்தவனுக்கெல்லாம் முறம் முறமாக அள்ளிப் போட்டவர், மரியாதையாக நின்றவனுக்கு ஒரு முறம் கூடவே போட்டவர். சர்க்காரும் தன்னைப் போலத்தான் என்று எண்ணிக்கொண்டார்.

மறுநாள் காலை ஜீப் வந்தபோது ஊர் முழுக்கப் புகை. நாகம்மா மட்டும் அடுப்பு மூட்டவில்லை. யோசித்துத்தான் மூட்டவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அதிகாரி நல்ல மனுஷர். அதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் பட்டினியா என்று ஒரு குடியானவனின் முகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஊர் வழக்கப்படியே வீட்டுக்கு வீடு நின்று, "காலையில சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அந்த நல்ல குணம்தான் ஊரைக் கெடுத்தது.

"ஆச்சுங்க," என்றான் தீர்த்தகிரி. அவன் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சுங்க சாமி," என்றாள் கண் தெரியாத மாரம்மா.

நாராயணப்பன் மனைவி ருக்மணி ஒரு படி மேலே போய், "நீங்க சாப்பிட்டீங்களா? வாங்க, ஒரு வாய் மோராச்சும் குடிச்சிட்டுப் போங்க," என்றாள். அவள் வீட்டில் மோர் என்ற பொருளைப் பார்த்துப் பல மாசம் ஆகியிருந்தது. நல்ல வேளையாக அதிகாரி வேண்டாம் என்றார்.

அவர் நாகம்மா வீட்டு வாசலில் நின்று கூரையைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுல மட்டும் அடுப்பு எரியலையே?"

"எரிச்சு என்னாங்க ஆவப்போவுது? பானையில போட ஒண்ணுமில்ல. மத்த வூட்லயும் வெறுந்தண்ணிதாங்க கொதிக்குது. வேணும்னா மூடியத் தொறந்து பாருங்க."

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. நாராயணப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. தன் வீட்டுப் பெண் தெருவில் நின்று சோறில்லை என்கிறாள். அப்படியானால் சோறு போடாதவன் யார்? அவர்தானே!

"அது என் தம்பி சம்சாரமுங்க," என்றார் சிரித்தாற்போல. "தம்பி வெளியூரு போனதுல இருந்து அதுக்கு மனசு சரியில்ல. ஜுரம் வேற. ஏதோ ஒளறுது. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க."

"எனக்கு ஜுரம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் நாகம்மா அதிகாரியைப் பார்த்து.

அதிகாரி ருக்மணி வீட்டு வாசலைப் பார்த்தார். அவள் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அடுத்தவர் சமையல் கட்டுக்குள் நுழைந்து பானை மூடியைத் திறக்கிற ஆள் இல்லை அவர். யோசித்துவிட்டு ராஜாத்தியின் முன்னால் குனிந்தார். குழந்தை பொய் சொல்லாது என்று நினைத்திருப்பார்.

"பாப்பா, நீ சொல்லு. காலையில சாப்பிட்டியா?"

ராஜாத்தி பாவாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். "ஆச்சுங்க."

"என்ன சாப்பிட்டே?"

"களிங்க."

"தொட்டுக்க?"

"அவரக்கொட்டக் கொழம்புங்க," என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே எச்சில் விழுங்கினாள்.

அவரைக்காய்க்கு அது பருவமே இல்லை. இந்த மண்ணில் பிறந்த எவனுக்கும் அது தெரிந்திருக்கும். அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ராஜாத்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சாப்பிட்டியா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்ல வேண்டும், என்ன என்று கேட்டால் நல்ல பண்டமாகச் சொல்ல வேண்டும் என்று தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்தது நாகம்மாதான். அன்று கிள்ளாமலேயே சரியாகச் சொல்லிவிட்டாள்.

நாகம்மாவுக்கு அடிக்கக் கை வந்தது. வீட்டுக்குள் போய்க் காலி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"நான் சரியாத்தானம்மா சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன கண்ணு."

கஞ்சித் தொட்டி ஏரிக்கு அந்தக் கரையிலுள்ள கொல்லப்பள்ளிக்குப் போய்விட்டது. அந்த ஊர்ப் பெண்கள் ஜீப்புக்கு முன்னால் ரோட்டை மறித்துக் காலிப் பானைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டார்களாம். "மானங்கெட்டவங்க," என்றார் நாராயணப்பன். அங்கேயும் உடனே திறக்கவில்லை. அரிசி வர வேண்டும், கொப்பரை வர வேண்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. சந்தை நாள் மட்டும் தள்ளிப் போகாமல் வந்தது, சரசம்மாவும் வந்தாள்.

மகளை அவளோடு அனுப்பிவிட்டு வர ஜூஜுவாடி வரைக்கும் நாகம்மா கூடப் போனாள். சாவடிக்காரர்கள் எதிரே அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியின் கூடையைக் கொட்டி, அடியில் இருந்த ராகியைப் பிடித்து, அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ராகி இந்தப் பக்கம் வரக் கூடாது. இந்தப் பக்கத்துப் பெண் அந்தப் பக்கம் தாராளமாகப் போகலாம். என்ன சட்டமோ, இதை எழுதினவன் நாசமாய்ப் போக என்று நாகம்மா வாய்விட்டே சபித்தாள்.

"அங்க யாராச்சும் சாப்பிட்டியான்னு கேட்டா," என்று மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இல்லன்னு சொல்லு. இல்லன்னு சொல்லணும், கேட்டியா?"

ராஜாத்தி தலையாட்டினாள். அவள் சொல்ல மாட்டாள் என்று நாகம்மாவுக்குத் தெரிந்தது. அந்த வீட்டு விலாசத்தைத் தீபாவளிக்கு வந்து சொல்கிறேன் என்றாள் சரசம்மா.

ராஜாத்தி போன பிறகுதான் கொல்லப்பள்ளித் தொட்டியில் அடுப்பு எரிந்தது. சின்னேரிப்பள்ளியிலிருந்து முதலில் போனவள் நாகம்மா. பட்டப்பகலில், பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் நடுத்தெரு வழியாகவே போனாள். மற்றவர்கள் கரும்பள்ளத்துக் காட்டு வழியாகச் சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். வரிசையில் ஒருவரை ஒருவர் தெரியாதது போல நின்றார்கள்.

ஆடி கடைசியில் ஒரு நாள் அவளுக்கு முன்னால் ஒரு ஆள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றார். வெயில் கொளுத்துகிறது, இவர் கம்பளியில். உள்ளே ஒரு பித்தளைச் சொம்பை மறைத்து வைத்திருந்தார். கம்பளி விலகியபோது காதில் சிவப்புக்கல் கடுக்கன் தெரிந்தது. அந்தக் கடுக்கனை நாகம்மா தன் கல்யாணப் பந்தலில் பார்த்திருக்கிறாள்.

அவர் முறை வந்து, கரண்டிக்காரன் கொப்பரைக்குள் கரண்டியை விட்டான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பேசாதவள் அப்போதுதான் அவரோடு முதல் வார்த்தை பேசினாள்.

"மாமா, ஊட்டா ஆச்சா?"

வேண்டுமென்றுதான் கேட்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாராயணப்பன் கையில் நீட்டிய சொம்போடு நின்றார். யோசித்துச் சொன்னாரோ, பழக்கத்தில் வந்துவிட்டதோ!

"ஆச்சும்மா," என்றார்.

கரண்டிக்காரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "சாப்பிட்டவனுக்கு இங்க என்னய்யா வேல? தள்ளு, தள்ளு! பின்னால எத்தன பேரு நிக்கறாங்க பாரு." கரண்டியைக் கொப்பரையிலேயே கவிழ்த்துவிட்டு அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். இல்லை, சாப்பிடவில்லை என்று சொன்னால் போதும். அந்த மனிதருக்கு அது வரவில்லை.

நாகம்மா முன்னால் நகர்ந்தாள். இந்த நிமிஷத்துக்காக எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். வந்தபோது நெஞ்சில் ஒரு சந்தோஷமும் இல்லை, மகள் இல்லாத வீடுதான் கண்ணில் நின்றது.

"அவரு என் வூட்டுக்காரரோட அண்ணனுங்க," என்றாள் கரண்டிக்காரனிடம், வரிசை கேட்கச் சத்தமாக. "மனசு சரியில்ல. ஜுரம் வேற. ஏதோ ஒளறாரு. நீங்க மனசுல வெச்சிக்காம அவருக்கு ஊத்துங்க."

நாராயணப்பன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சொம்பை நீட்டினார். கஞ்சி விழுந்தது. கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியோரமாகப் போய், வரிசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குடித்தார்.

"உன் வூட்ல எத்தன பேரு?" என்றான் கரண்டிக்காரன். "கொழந்தைங்க இருந்தா கூட ஒரு அரைக் கரண்டி உண்டு."

"கொழந்த இல்லீங்க," என்று நாகம்மா பானையை நீட்டினாள்.