பாஸ்டரம்மாவின் தொப்பி

கீதரோன் பாப்திஸ்து சபையில் ஒரு பெண்ணை அடையாளம் சொல்ல முகம் தேவையில்லை, தொப்பி போதும். வருடத்துக்கு ஒருமுறை வரும் 'பெண்கள் ஞாயிறு' அன்று அத்தனை பேரும் வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒன்றுதான். ஆளைச் சொல்வது தொப்பிதான். இறகு வைத்தது யார், வலை தொங்குவது யார், பின்னால் இருப்பவருக்குப் பிரசங்க மேடையே தெரியாதபடி அகன்ற விளிம்போடு வந்து உட்காருவது யார் என்று பால்குடி மறக்காத பிள்ளையும் சொல்லும்.

டெல்ஃபின் ரக்கர் பழைய படங்களுக்குப் பெயர் எழுத உட்கார்ந்தபோதும் தொப்பிகளை நம்பித்தான் உட்கார்ந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மறைந்த பாஸ்டர் ரக்கரின் ஒரே மகள். இரண்டும் சேர்ந்தால் அதிகாரத்துக்குக் கேட்கவா வேண்டும்? சபை வரலாறு என்று, சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன்மார் அச்சிட்ட புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பார்த்தவள் கொதித்துப் போனாள். பாஸ்டர்கள் பெயர் உண்டு, டீக்கன்கள் பெயர் உண்டு, கூரைக்கு ஆணி அடித்த தச்சர் பெயர்கூட உண்டு. பெண்களைப் பற்றி ஒரே வரிதான்: சகோதரிகள் உணவு பரிமாறினார்கள்.

"பரிமாறினாங்களாம்! இவங்க வீட்டுக்காரிங்க கேக்கு சுட்டு வித்துக் கட்டின சர்ச்சு இது. ஒருத்தி பேருகூட இல்ல!" என்று சத்தம் போட்டு, சமையலறைக்குப் பக்கத்து அறையைப் பிடுங்கிக்கொண்டு, வெள்ளையடித்து, பெண்களின் வரலாற்று அறை என்று அறிவித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு.

சனிக்கிழமை மதியம் மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஒருத்தி டெல்ஃபின். இன்னொருத்தி அவளுடைய சின்ன வயசுத் தோழி வெர்னெல் ட்ரெய்லர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்றாமவர் சபையிலேயே மூத்தவரான அர்ஸுலா அம்மா. தொண்ணூற்றொரு வயது, வாய்க்கு மட்டும் இருபது. சவ அடக்கக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியை வீசிக்கொண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டெல்ஃபின் கடைசியாக ஒரு பெரிய படத்தைத் துணி விலக்கிக் காட்டினாள். "நடுச் சுவர்ல இதுதான். அம்பத்தாறாம் வருஷத்துப் பெண்கள் ஞாயிறு. பாருங்க எங்கம்மாவ!"

சர்ச்சுக்கு வெளியே பீக்கன் மரத்தடியில் இரண்டு வரிசைப் பெண்கள். பின்வரிசை ஓரத்தில், பட்டு ரோஜா தைத்த அகன்ற தொப்பிக்குக் கீழே ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். தொப்பி நிழலில் கண் தெரியவில்லை. வாயும் தாடையும்தான் தெரிகின்றன. பாஸ்டர் ரக்கர் வீட்டில் சிரிப்பை அளந்துதான் செலவு செய்வார்கள். அம்மா கிளியோதா இப்படிச் சிரித்து டெல்ஃபின் ஒருநாளும் பார்த்ததில்லை. அதனாலேயே அந்தப் படம் அவளுக்கு உயிர். அம்மா இறந்ததிலிருந்து அது அவள் கட்டில் தலைமாட்டில்தான் இருந்தது.

வெர்னெல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"என்னடி, வாயில கேக்க அடைச்சு வச்சிருக்கியா? ஏதாச்சும் சொல்லு."

"டெல்ஃபின், இது உங்கம்மா இல்ல."

"பின்ன?"

"எங்கம்மா."

டெல்ஃபின் சிரித்துவிட்டாள். "அந்தத் தொப்பி இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்குடி! எடுத்துட்டு வந்து காட்டவா?"

"தொப்பி உங்கம்மாவோடதுதான். வாயும் தாடையும் எங்கம்மாவோடது. இடது கையப் பாரு."

அந்தப் பெண்ணின் இடது கை மடங்கி முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. ஆராதனைக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்று, இடம் பார்த்து உட்காரவைக்கும் பெண்கள் நிற்கும் நிலை அது. அவர்கள் பணி நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கைச்சாடைதான். இடது கை முதுகில் இருந்தால் பணியில் இருக்கிறாள் என்று அர்த்தம். பழகிவிட்டால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் கை தானாகப் பின்னால் போய்விடும். இப்போது அந்தக் குழுவுக்குத் தலைவியான வெர்னெலுக்கு அது நன்றாகத் தெரியும். பாஸ்டரம்மா கிளியோதா ஒருநாளும் வாசலில் நின்றவரில்லை, அவருக்கு இரண்டாவது பெஞ்சு.

வெர்னெலின் அம்மா ஓஸி பெல் வாசலில் நின்றவள்தான், வெர்னெல் பிறக்கும் வரை. புருஷன் இல்லாமல் பிள்ளை பெற்றதற்காக, சபை முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கும்படி பாஸ்டர் ரக்கர் சொன்னார். பிள்ளையைப் பெற்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றாள் ஓஸி பெல். ஓட்டெடுத்து அவளைச் சபையை விட்டு விலக்கினார்கள். அதற்குப் பிறகும் அவள் சாகும் வரை அந்தச் சர்ச்சின் சமையலறைக்கு வந்து கோழி பொரித்தாள். அவள் கையால் தின்றவர்கள் யாரும் அவளைப் படத்துக்குக் கூப்பிட்டதில்லை. வெர்னெலிடம் அம்மாவின் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்தது.

இதெல்லாம் டெல்ஃபினுக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினாள். "எங்கப்பா மேல கோவம்னா அவர் கல்லறையில போய்த் திட்டு! எங்கம்மாவ எங்கிட்டேருந்து பிடுங்காத!"

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெர்னெல் பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாகக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"சரி விடு. உங்கம்மா பேரையே எழுதிக்கோ. எங்கம்மா ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது போதும்டி."

விசிறி நின்றது.

"ஏய், எங்க கிளம்பிட்ட? உக்காரு," என்றார் அர்ஸுலா அம்மா. "கல்லு மாதிரி நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல, இல்ல?"

"உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள் டெல்ஃபின்.

"தெரியாம? அந்தப் படத்துல நான் ஏன் இல்லன்னு யோசிச்சியா? சமையல்கட்டுல இவளத் தூக்கி வச்சிட்டு நின்னேன். புதுசா தச்ச வெள்ள உடுப்பு. இந்தக் கழுத என் மேல பூரா பாலக் கக்கி வச்சா." வெர்னெலை விசிறியால் தட்டினார். "கிளியோதா விறுவிறுன்னு உள்ள வந்தா. ஓஸி பெல்லோட ஏப்ரன அவுத்துப் போட்டா. தன் தலையில இருந்த தொப்பியக் கழட்டி அவ தலையில அழுத்தினா. 'ஐயோ பாஸ்டரம்மா, ஐயா ஜன்னல் வழியா பாத்தா?'ன்னு ஓஸி பெல் பதறுறா. 'அவரு தொப்பியத்தான் பாப்பாரு. என் மூஞ்சிய அவரு பாத்து வருஷமாச்சு'ன்னு சொல்லிட்டு இழுத்துட்டுப் போயிட்டா."

வெர்னெல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?" என்றாள் டெல்ஃபின்.

"கிளியோதா சத்தியம் வாங்கிட்டாளே. அவ போன பிறகு சொல்லலாம்னு வந்தேன். சவப்பெட்டி பக்கத்துல நீ இந்தப் படத்தக் கட்டிப்பிடிச்சிட்டு அழுதுட்டிருந்த. எந்த வாயால சொல்ல?"

"அப்ப எங்கம்மா? எங்கம்மா எங்க?" அறுபது வயது தாண்டியவள் சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"படத்த யாரு எடுத்தான்னு நினைக்கிற?"

டெல்ஃபின் படத்தைக் கிட்டே இழுத்தாள். கீழ் ஓரத்தில், புல்லின் மேல் ஒரு நிழல். இத்தனை வருடமும் அதைக் கிளையின் நிழல் என்றே நினைத்திருந்தாள். தொப்பியில்லாத ஒரு தலை, கேமராவைப் பிடித்து மடங்கிய இரண்டு முழங்கை. பெண்கள் ஞாயிறன்று, நட்ட நடு வெயிலில், பாஸ்டரம்மா வெறும் தலையோடு நின்றிருக்கிறாள்! டெல்ஃபின் அந்த நிழலை விரலால் தடவினாள்.

"அம்மாவும் சிரிச்சாங்களா, படம் எடுக்கும்போது?"

"நான் உள்ள நின்னு பாலத் துடைச்சிட்டிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் தொடங்கியதும் டெல்ஃபின் எழுந்து முன்னால் போனாள். அறைத் திறப்பைப் பற்றித்தான் பேசுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். இளம் பாஸ்டரும் அப்படித்தான் நினைத்துப் புன்னகையோடு இடம் விட்டார்.

"ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். அம்பத்தாறாம் வருஷம் எங்கப்பா இதே இடத்துல நின்னு ஓஸி பெல் ட்ரெய்லர சபைய விட்டு விலக்கினாரு. எங்கப்பான்னா எனக்கு உசிரு. ஆனா அவரு செஞ்சது தப்பு. ஓட்டுப் போட்டு வெளிய அனுப்பினோம், ஓட்டுப் போட்டே உள்ள கூப்பிடுவோம். ஓஸி பெல்ல மறுபடியும் சபையில சேக்கணும்னு முன்மொழியறேன்."

வழிமொழிய யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள், "நான்தான். சட்டுபுட்டுனு ஓட்டுக்கு விடுங்கய்யா, எனக்கு வயசாவுது," என்று முதல் பெஞ்சிலிருந்து அர்ஸுலா அம்மாவின் குரல் வந்தது.

சம்மதம் என்கிறவர்கள் ஆமென் சொல்லுங்கள் என்றார் பாஸ்டர். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெர்னெல் அப்போது கடைசியில், வாசலில் நின்றாள். அன்று அவளுக்குப் பணி நாள். பேசக் கூடாது, ஓட்டுக்கூடப் போடக் கூடாது. இடது கை முதுகில் இருக்க, வழிகிற கண்ணீரைத் துடைக்காமல் நேராக நின்றாள்.

"எதிர்ப்பு உண்டா?"

அந்த நேரம் பார்த்து மூத்த டீக்கன் லோனி வாட்கின்ஸ் தொண்டையைச் செருமினார். சபை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அர்ஸுலா அம்மா கைத்தடியை எடுத்துவிட்டார்.

"இருமல்! சத்தியமா வெறும் இருமல்தான்!" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார் பாவம் மனுஷன்.

வாசலில் வெர்னெலுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. பணியில் இருப்பதை மறந்து, தலை பின்னால் சாய, அழுகையும் சிரிப்புமாகச் சிரித்தாள். அதே வாய், அதே தாடை. முன்னால் நின்ற டெல்ஃபின் அதைப் பார்த்தாள். பார்த்ததுதான் தாமதம், அவளுக்கும் வந்துவிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விலா வலிக்க, அடக்க அடக்க அடங்காமல் சிரித்தாள்.

நேற்று அர்ஸுலா அம்மா தெரியாது என்று சொன்னது அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தச் சிரிப்புக்கு எதிரே நின்று எவளும் சிரிக்காமல் இருக்க முடியாது. அம்மா சிரித்திருக்கிறாள்.